கடவுள் பேரில் ஒரு சஸ்பென்ஸ் கணக்கு

சிறிது காலமாக நம் வட்டத்தில் ஒரு வாக்கியம் நடமாடிக்கொண்டிருக்கிறது. முதலில் சொன்னவர் யார் என்பது முக்கியமில்லை. கூட்டங்களிலும் கடிதங்களிலும் முன்னுரைகளிலும் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் அது வந்துவிட்டது. இன்னொருவனைச் சரிப்படுத்த நினைப்பதே அகங்காரம். உன் நல்லெண்ணம் உன்னை நீயே ஏமாற்றிக்கொள்ளும் வழி. அவனைக் கடவுளிடம் விட்டுவிடு, அவர் குணப்படுத்துவார் என்பது அதன் சாரம். கடவுள் என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அந்த இடத்தில் இயற்கை என்றோ காலம் என்றோ பிரபஞ்சம் என்றோ போட்டுக்கொள்கிறார்கள். வாக்கியத்துக்கு இதனால் சேதம் எதுவும் இல்லை. எழுவாய் மாறினாலும் பயனிலை அப்படியே இருக்கிறது.

இந்த வாக்கியத்தை எதிர்த்து எழுதுவது சுலபமில்லை, ஏனெனில் அதன் முதல் பாதி உண்மை. நல்லெண்ணத்தின் பின்னால் எவ்வளவு அழுக்கு சேரும் என்று நமக்குத் தெரியும். அன்னதானம் செய்கிறவன் பந்தியைப் பார்ப்பதைவிடத் தன் பெயர் எழுதிய பலகையை அதிகம் பார்க்கிறான். நோயாளியைப் பார்க்கப் போகிறவன் நோயாளிக்கு ஆரஞ்சும் தனக்கு ஒரு கதையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறான். பிறர் துயரத்தில் கை வைக்கும்போது நம் கைக்கு ஒரு சுகம் கிடைக்கிறது. அந்தச் சுகத்தைக் கருணை என்று அழைத்துக்கொள்கிறோம். இதைச் சொன்னதற்காக நண்பர்களோடு சண்டை போட ஒன்றுமில்லை.

இலக்கியத்திலும் இதே விஷயத்தைத்தான் நாம் முன்பு சொன்னோம். 1970இல் 'கசடதபற' வந்தது. 1971இல் கோவையிலிருந்து 'வானம்பாடி' வந்தது. அன்று நடந்த சச்சரவின் மையம், நல்லெண்ணம் கவிதையாகிவிடுமா என்பது. ஏழைக்காக இரங்குகிற காரணத்தினாலேயே ஒரு வரி கவிதையாவதில்லை என்று இந்தத் தரப்பு சொன்னது. சொன்னது சரி. உரத்த குரலில் கூவப்பட்ட அந்த இரக்கத்தில் பெரும்பகுதி, கூவியவரின் தொண்டையை மட்டுமே பலப்படுத்தியது. ஆனால் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்ட நாம், எண்ணமற்ற நிலையைச் சந்தேகிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. சந்தேகம் பாதி வழியில் இறங்கிவிட்டது. உதவுகிறவனின் முகத்தில் பாசாங்கைக் கண்டுபிடித்த அதே கண், உதவாமல் உட்கார்ந்திருப்பவனின் முகத்தில் ஞானத்தைக் காண ஆரம்பித்துவிட்டது. என் வழக்கு வாக்கியத்தின் இந்த இரண்டாம் பாதியோடுதான்.

'விட்டுவிடு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருவன் தன்னைக் கடவுளிடம் விட்டுவிடுகிறான் என்றால் அது அவன் சமாசாரம். நஷ்டம் வந்தால் அவனுடையது, லாபம் வந்தாலும் அவனுடையது. பக்தி என்றோ சரணாகதி என்றோ பெயர் வைத்து நம் மரபு அதை ஆயிரம் வருஷமாகப் பேசியிருக்கிறது. குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டுமா, பூனைக் குட்டி போல் சும்மா கிடந்தால் போதுமா என்று வைணவர்கள் இரண்டு கலைகளாகப் பிரிந்தே வாதாடினார்கள். அந்த வாதத்தில் குட்டி எப்போதும் தான்தான். பக்கத்து வீட்டுக் குட்டியைப் பூனையின் வாயில் வைத்துவிட்டுத் தான் ஊஞ்சலில் உட்காரலாமா என்ற கேள்வியை எந்த ஆசாரியரும் சித்தாந்தமாக எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் பதில் திருக்கோட்டியூரிலேயே இருந்தது. ரகசியமாகப் பெற்ற மந்திரத்தை ராமானுஜர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார், அதற்காகத் தான் நரகம் போனாலும் சரி என்றார் என்பது குருபரம்பரைக் கதை. தன்னை முழுக்கக் கடவுளிடம் விட்டவர் என்று சொல்லப்படும் ஒருவர், மற்றவர்கள் விஷயத்தில் 'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லவில்லை. தன் கணக்கில் ஒரு நரகத்தை எழுதிக்கொண்டார்.

தமிழ் இலக்கணம் இந்த வித்தியாசத்தை வினைச்சொல்லிலேயே வைத்திருக்கிறது. ஆறு, ஆற்று. தேறு, தேற்று. திருந்து, திருத்து. புண் ஆறும் என்பது உண்மை. புண்ணை ஒருவர் ஆற்ற வேண்டும் என்பதும் உண்மை. ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. பிறவினையையே அகங்காரம் என்று தள்ளிவிட்டால் மொழியில் பாதி போய்விடும். தாய் சோறு உண்பாள், குழந்தைக்கு யாரும் ஊட்டமாட்டார்கள்.

இந்த விவாதம் வெறும் சொல் விளையாட்டாக இருந்தால் நான் இத்தனை காகிதம் செலவழிக்கமாட்டேன். 'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்ற வாக்கியம் தமிழ்நாட்டில் எங்கே போய் நின்றது என்பதற்கு ஒரு தேதி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. தர்காவின் பெயரைச் சொல்லி நடந்துகொண்டிருந்த தனியார் காப்பகங்களில் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட மனநோயாளிகள். பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். கட்டு தளர்வாக இருந்தவர்களில் சிலர் தப்பினார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கின் தலைப்பில், சங்கிலியிட்ட 25 பேர் இறந்தது குறித்து என்று இருக்கிறது. தலைப்பு எழுதியான பிறகு எண் 28 ஆகிவிட்டது. சட்டப் புத்தகங்களில் இன்றும் 25தான்.

அங்கே இருந்த சிகிச்சை முறையை நண்பர்கள் கவனிக்க வேண்டும். தர்காவின் புனித நீர், அங்கே எரியும் விளக்கின் எண்ணெய், பிரார்த்தனை, அதற்குமேல் காத்திருப்பு. நோயாளியின் கனவில் வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு வர வேண்டும். உத்தரவு இரண்டு மாதத்தில் வரலாம், பல வருஷங்களும் ஆகலாம். அதுவரை பகலில் மரத்தோடு கயிறு, இரவில் கட்டிலோடு சங்கிலி. ஹிந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என்று எல்லோரும் வந்த இடம் அது. ஆகவே இதை ஒரு மதத்தின் குற்றமாகக் காட்ட நினைப்பவர்கள் தயவுசெய்து வேறு பத்திரிகை பார்த்துக்கொள்ளலாம். கட்டிப்போட்டவர்களில் பலர் தங்களைக் கொடியவர்கள் என்று நினைத்திருக்கமாட்டார்கள். ஓடிப்போய்க் கடலில் விழாமல் காப்பாற்றுகிறோம், கடவுள் தன் வேலையைச் செய்யும் வரை உடம்பை ஓரிடத்தில் வைத்திருக்கிறோம் என்பதே அவர்கள் நியாயம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் நல்லெண்ணம். குணப்படுத்துவதைக் கடவுளுக்கு விட்டவர்கள், பூட்டைக் கடவுளுக்கு விடவில்லை. சாவி மனிதர்களிடமே இருந்தது. 2007இல் காப்பகத்தின் உரிமையாளருக்கும் அவர் மனைவிக்கும் இரண்டு உறவினர்களுக்கும் 7 வருஷம் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

நம் நண்பர்களின் வாக்கியமும் அந்தக் கொட்டகையும் ஒன்றா என்று கேட்கலாம். நாங்கள் யாரையும் கட்டவில்லையே, சும்மா இருக்கச் சொன்னோம், அவ்வளவுதானே என்பார்கள். சும்மா இருப்பது நாம், கிடப்பது அவன். அந்த வித்தியாசத்தை மறைப்பதற்குத்தான் 'கடவுள்' என்ற சொல் நடுவில் கொண்டுவரப்படுகிறது. நான் ஒரு வங்கி எழுத்தன், எனக்குத் தெரிந்த உதாரணத்தில் சொல்கிறேன். நாள் முடிவில் கணக்கு நேராக வேண்டும். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகை ஒன்று வந்துவிட்டால், அதைத் தற்காலிகமாக சஸ்பென்ஸ் கணக்கில் போடுவோம். பற்றும் வரவும் சமமாகிவிடும், வீட்டுக்குப் போகலாம். தொகை மட்டும் தீரவில்லை. யாரோ ஒருவருடைய பணம் யாருடையதும் இல்லாமல் அங்கே கிடக்கிறது. ஆய்வுக்கு வருகிறவர் சஸ்பென்ஸைப் பார்த்தால் முதலில் கேட்பது அந்தப் பதிவின் வயதை. எத்தனை நாளாகக் கிடக்கிறது, தீர்க்க என்ன செய்தீர்கள், யார் பொறுப்பு என்று கேட்பார். சஸ்பென்ஸில் போடுவது தவறில்லை. போட்டுவிட்டுக் கணக்கு நேராகிவிட்டது என்று நம்புவது தவறு. நம்மவர்களுக்குக் கடவுள் இப்படி ஒரு தலைப்பு. தங்கைக்குப் பித்து, நண்பனுக்குக் குடி, பக்கத்து வீட்டில் அடி உதை — எல்லாம் கடவுள் பேரில் எழுதப்பட்டு இரவு நிம்மதியான தூக்கம். கணக்கு நேராகிவிட்டது. ஆய்வாளர் மட்டும் வருவதில்லை.

இங்கே ஒரு ஆட்சேபத்தை நானே எழுப்பிக்கொள்கிறேன். ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விட்டவர்கள் ஏழைகள், வேறு வழியற்றவர்கள். அவர்களைச் சுயஏமாற்று என்று குற்றம்சாட்ட உனக்கு என்ன யோக்யதை? நியாயமான கேள்வி. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1987இல் மனநலச் சட்டம் நிறைவேறியது. அது வரும்வரை நாம் 1912ஆம் வருஷத்துப் பைத்தியச் சட்டத்தின் கீழ் இருந்தோம். 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. திட்டங்கள் இப்படி வந்துகொண்டிருந்தபோது, பெரிய அரசு மனநல மருத்துவமனை என்றால் தமிழ்நாட்டுக்குக் கீழ்ப்பாக்கம் ஒன்றே. வடக்கனந்தலிலிருந்து கீழ்ப்பாக்கம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். கல்வராயன் மலை மேலே இருக்கிற ஒரு குடும்பத்துக்கு முதலில் மலை இறங்க வேண்டும். கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022இல். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனநோய்களில் சிகிச்சை எட்டாதவர்களின் விகிதம் நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் வரை என்று சொன்னது. இந்த நிலையில் ஒரு குடும்பம் தர்காவுக்கோ கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ போகிறது என்றால் அதைச் சுயஏமாற்று என்று நான் சொல்லவில்லை. மலை மேல் இருக்கிறவனுக்கு டாக்டரைவிடக் கடவுள் பக்கத்தில் இருக்கிறார். இதை பூகோளம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்தக் குடும்பங்கள் நம் நண்பர்களின் தத்துவத்தைப் பின்பற்றுகின்றனவா? எங்கள் பக்கத்தில் நகைக்கடன் வாங்க வருகிறவர்கள் கேட்காமலே காரணம் சொல்வார்கள். ஒரு பெரியவர் சொன்னது: "தம்பிக்கு மனசு சரியில்லீங்க. மொதல்ல டாக்டருகிட்ட காட்டுனோம், அப்புறம் கோயில்ல நாப்பத்தெட்டு நாளு தங்குனோம், இப்ப மறுபடியும் டாக்டரு. மாத்திரை வாங்கணும்." அந்த மூன்று வாக்கியங்களில் எங்கேயாவது 'விட்டுவிட்டோம்' என்று இருக்கிறதா? அவர் கடவுளையும் விடவில்லை, டாக்டரையும் விடவில்லை, தம்பியையும் விடவில்லை. மனைவியின் தாலிக்கொடியைத் தவிர எல்லாவற்றையும் கொண்டுவந்து தராசில் வைத்துவிட்டார். கடவுளிடம் விடுவது என்ற சித்தாந்தம் இவரிடம் கிடையாது. கடவுளிடம் கூட்டிக்கொண்டு போவது என்ற வழக்கம்தான் இவருக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போகிறவன் கூடவே போகிறான். சித்தாந்தம் உள்ளவர்கள் படித்தவர்கள், சம்பளக்காரர்கள், கவிதை எழுதுகிறவர்கள். போவதற்குப் பேருந்தும் பேசுவதற்குச் சொல்லும் உள்ளவர்கள்.

அந்தப் பெரியவருக்குத் தெரிந்த இந்த விஷயம் ஆராய்ச்சியிலும் ஒருமுறை பதிவாகியிருக்கிறது. வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் முத்துசுவாமி கோயில். அங்கே வந்து தங்கிய 31 மனநோயாளிகளை மனநல மருத்துவர் ரகுராமும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோயின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. பெரும்பாலோருக்கு இருந்தது கடுமையான மனச்சிதைவு. புதிய மருந்துகள் சிலவற்றின் பலனோடு ஒப்பிடத்தக்க அளவு என்று அவர்கள் குறிப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு இந்த ஆராய்ச்சியைத் தூக்கிக்கொண்டு வரும் என்று தெரிந்துதான் நானே முன்வைக்கிறேன். பார்த்தீர்களா, கடவுள் குணப்படுத்தினார் என்பார்கள். சரி, எப்படி என்று பார்ப்போம். அங்கே விசேஷமான சடங்கு எதுவும் கிடையாது. தங்குவதற்குக் காசு இல்லை. காலையில் சிறிது நேர வழிபாடு. பிறகு கோயிலைச் சுத்தம் செய்வது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலைகள். கூட ஒரு உறவுக்காரர். ஆராய்ந்தவர்கள் காரணமாகக் கண்டது, பயமுறுத்தாத, ஆதரவான அந்தச் சூழலை. ஏர்வாடிக் கொட்டகையும் முத்துசுவாமி கோயிலும் ஒரே கடவுள் நம்பிக்கையின் இரண்டு பக்கங்கள் என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றில் நோயாளியின் பக்கத்தில் மனிதன் இருந்தான், மற்றதில் கட்டில் கால் இருந்தது. ஒன்றில் அவன் கையில் துடைப்பம், மற்றதில் சங்கிலி. கடவுள் இரண்டு இடத்திலும் அழைக்கப்பட்டார். வித்தியாசம் அழைத்தவர்களிடம் இருந்தது.

புராணத்தில் ஆதாரம் கேட்பவர்களுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழைய தென்னார்க்காட்டிலேயே, கெடிலக் கரையில், பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகை இருக்கிறது. கடவுள் ஒருவரைக் குணப்படுத்திய கதைகளில் நமக்கு மிகவும் தெரிந்தது அங்கே நடந்ததாகச் சொல்லப்படுவது. மருள்நீக்கியார் சமணம் போய்த் தருமசேனர் ஆகிறார். அக்கா திலகவதி வருந்துகிறாள். அவளுக்கு நிச்சயித்திருந்த கலிப்பகை போரில் இறந்துவிட, சாகத் துணிந்தவள் தம்பிக்காக உயிர் வைத்துக்கொண்டவள். அவள் கனவில் இறைவன் வந்து, சூலை கொடுத்து அவனை ஆட்கொள்வேன் என்கிறான். கவனியுங்கள், இங்கேயும் கனவில் உத்தரவு. ஏர்வாடியில் உத்தரவு கட்டுண்ட நோயாளிக்கு வர வேண்டும். திருவதிகையில் அது பார்த்துக்கொள்ள வேண்டியவளுக்கு வருகிறது. கடவுளே வாக்குக் கொடுத்துவிட்டார், இனி எனக்கு என்ன வேலை என்று அவள் படுத்துக்கொள்ளவில்லை. வயிற்று வலியில் தம்பி ஆள் அனுப்புகிறான். சமணர் இடத்துக்கு நான் வரமாட்டேன் என்கிறாள். ராத்திரியோடு ராத்திரியாக அவனே வந்து காலில் விழுகிறான். எடுத்து நிறுத்தித் தன் கையால் திருநீறு கொடுக்கிறாள். விடிவதற்கு முன், தினமும் தான் கோயில் பெருக்கி மெழுகப் போகிற நேரத்தில், அவனையும் கூட்டிக்கொண்டு போகிறாள். பாடியது அவன். குணப்படுத்தியது கடவுள் என்று சேக்கிழார் சொல்கிறார். வழிகாட்டிக் கூடவே நடந்தது அக்கா.

சேக்கிழாரைச் சமய இலக்கியம் என்று ஒதுக்கிவிட்ட நவீனத்துவர்களும் இந்தக் கதையின் அமைப்பை ஒருமுறை பார்க்கலாம். திலகவதி தம்பியைத் திருத்தத் துரத்தவில்லை. அந்த அளவுக்கு நண்பர்களின் வாக்கியத்தின் முதல் பாதி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கூப்பிட்ட இடத்துக்கு ஓடவில்லை. வந்தவனை வற்புறுத்தவில்லை, கட்டவில்லை. ஆனால் கதவு திறந்திருந்தது, அவள் விழித்திருந்தாள், கூட நடந்தாள். தலையிடாமையும் கைவிடாமையும் ஒரே சமயத்தில் சாத்தியம் என்று இதில் தெரிகிறது. நம் நண்பர்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைத் தொலைத்துவிட்டார்கள். சரியாகச் சொன்னால், தொலைத்ததற்கு முதலாவதைச் சாக்காக்கிக்கொண்டார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நவீனக் கவிதையில் பைத்தியக்காரன் ஒரு பிரியமான பாத்திரம். தெருமுனையில் நிற்பான், கிழிந்த சட்டை போட்டிருப்பான், நமக்குத் தெரியாத உண்மை ஒன்று அவனுக்குத் தெரிந்திருக்கும். கவிஞர் அவனைப் பார்ப்பார். கடைசி வரியில் யார் பைத்தியம் என்று கேட்பார். இந்தக் கவிதையைக் குறைந்தது நூறு தடவை படித்திருப்போம். ஒரு தடவைகூட அந்த மனிதன் சாப்பிட்டானா என்ற தகவல் அதில் இல்லை. இதுவும் கடவுளிடம் விடுவதன் இலக்கிய வடிவமே. நோயை ஞானமாக்கிவிட்டால் சிகிச்சை அபச்சாரமாகிவிடும். சித்தர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவது அடுத்த படி. குடலுக்குள் தீப்பிடித்தாற்போல் பயத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிற ஒருவனைச் சித்தன் என்று அழைப்பதில் உள்ள குரூரம், அவனைப் பார்த்துக் கல்லெறிகிற பையனிடத்தில்கூடக் கிடையாது. பையனுக்கு அவன் கண்ணெதிரில் நிற்கிற ஒரு ஆள்.

ஆத்மாநாம் விஷயத்தில் நாம் நடந்துகொண்டதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 'ழ' இதழை நடத்தியவர். 1951இல் பிறந்து 1984இல், 33 வயதில் போய்விட்டவர். மனநோயோடு இருந்தார், சிகிச்சையும் பெற்றார். அவர் இறந்த பிறகு நோயையும் கவிதையையும் ஒன்றாகப் பிசைந்து ஒரு புராணம் செய்துவிட்டோம். கவிதைகளை மறுபடி எடுத்துப் படிக்கிறவனுக்குத் தெரியும்: இவ்வளவு தெளிவான, நிதானமான, அன்றாடச் சொற்களில் பேசுகிற கவிஞர் அந்தத் தலைமுறையில் குறைவு. அந்தத் தெளிவு அவர் நோயிடமிருந்து மீட்டுக்கொண்டது; நோய் கொடுத்த வரம் அல்ல. மேதைகள் அப்படித்தான், விதி அப்படித்தான் என்று சொல்கிற ஒவ்வொரு அஞ்சலியும், இன்று இருபத்தைந்து வயதில் தூக்கம் வராமல், குரல்கள் கேட்க, நமக்குக் கவிதை அனுப்பிக்கொண்டிருக்கிற ஒரு பையனுக்கு என்ன சொல்கிறது என்று யோசித்தோமா? அவன் கவிதையைப் பிரசுரிக்கிறோம். கடிதத்தில் கையெழுத்து மாறிக்கொண்டே வருவதைப் பற்றி நம்மில் யார் அவன் வீட்டுக்கு ஒரு தடவை போய்க் கேட்கப்போகிறோம்?

இதே வாக்கியத்துக்கு இன்னொரு முகம் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் கூலி வேலைக்காரர்கள். பிணங்கள் வரிசையாகக் கிடந்த நாட்களில், படித்த வாய்களிலிருந்து வந்த சொல்: குடிக்கிறவனைக் கடவுள் பார்த்துக்கொண்டார். குணப்படுத்துவார் என்பதற்குப் பதில் தண்டித்தார். வாக்கிய அமைப்பில் ஒரு மாற்றமும் இல்லை. சொல்கிறவன் அப்போதும் ஊஞ்சலில், மற்றவன் அப்போதும் கடவுள் பேரில். மெத்தனால் எங்கிருந்து வந்தது, யார் விற்றார்கள், யார் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள் என்ற கேள்விகளுக்கு அந்த அமைப்பில் இடமே கிடையாது. மற்றவர்களைக் கடவுளிடம் விடுகிற பழக்கம் எந்த ஊரில் ஊறிப்போயிருக்கிறதோ அங்கே அதிகாரிகளுக்கு வேலை சுலபம்.

சட்டம் என்ன செய்தது? ஏர்வாடிக்குப் பிறகு ஒரே வாரத்தில் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டவர்கள் அரசுப் பொறுப்புக்கு வந்தார்கள். பதிவு பெற்றவை, பெறாதவை என்று எல்லாக் காப்பகங்களையும் மாவட்டவாரியாகக் கணக்கெடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டது. பிற்பாடு தர்காவிலேயே மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்துத் தரும் திட்டம் வந்தது: தவா, துவா. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. அப்படியும் 2019இல், உத்தரப் பிரதேசத்தில் ஒரு வழிபாட்டு இடத்தில் மனநோயாளிகள் சங்கிலியில் இருப்பதைப் பற்றி அதே நீதிமன்றம் மறுபடி பேச வேண்டியிருந்தது. சங்கிலியைச் சட்டத்தால் தடைசெய்யலாம். சங்கிலியைச் சாத்தியமாக்குகிற வாக்கியத்தை எந்தப் பிரிவும் தொடாது. வாக்கியங்கள் நம் இலாகா. நாம்தான் செய்ய வேண்டும். நாமோ அந்த வாக்கியத்துக்கு மெருகு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே நண்பர்களுக்கு என் யோசனை இது. 'அவனைக் கடவுளிடம் விட்டுவிட்டேன்' என்று அடுத்த முறை சொல்லத் தோன்றும்போது மூன்று விவரங்களை ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். விட்ட தேதி. விட்ட பிறகு அவனைக் கடைசியாகப் பார்த்த தேதி. விட்டதில் உங்களுக்கு மிச்சமான நேரம், பணம், தூக்கம். முதல் இரண்டு தேதிகளும் ஒன்றாக இருந்தால் நீங்கள் செய்தது சரணாகதி இல்லை. மூன்றாவது கட்டத்தில் கணிசமான தொகை இருந்தால், லாபம் யாருக்கு என்று விளங்கிவிடும். கடவுளை நம்புகிறவர்கள் இந்தக் காகிதத்தை அவர் முன்னாலேயே வைக்கலாம். நம்பாதவர்கள் என்னிடம் அனுப்பலாம். கணக்குப் பார்த்தே பழகியவன்.

நல்லெண்ணம் சுயஏமாற்றாக இருக்கலாம் என்பதை இப்போதும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏமாற்றிக்கொண்டே கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பவனால் ஒருவன் அன்றைக்குச் சாப்பிடுகிறான். தன் நோக்கம் சுத்தமாகும் வரை கஞ்சியை அடுப்பிலேயே வைத்திருப்பவனுடைய ஆன்மா உன்னதமாக இருக்கலாம், கஞ்சி தீய்ந்துவிடும். ஏர்வாடியில் அந்த விடியற்காலையில் தேவைப்பட்டது சுத்தமான நோக்கம் உள்ள ஒருவர் அல்ல. சாவியோடு யாராவது ஒருவர், எந்த நோக்கத்தோடும், வந்திருந்தால் போதும்.